பச்சை கவுனை வரைந்தவள்

ரோவீனாவுக்கு எழுபது வருடங்களுக்கு மேலாகப் பதினேழு வயதுதான். அவளுடைய காமிக்ஸை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி முதலிலிருந்து தொடங்க எங்கள் நிறுவனம் முடிவு செய்தபோது, ஓவியர் ஜூனியா காஸ்டிலோ அவளுக்கு ஒரு கைப்பேசியும் ஓட்டைக் காரும் கொடுத்தாள். இரண்டு பையன்களுக்கு நடுவே தவிக்கும் வேலையிலிருந்து விடுதலையும் கொடுத்தாள். ஜூனியாவுக்கு அது முதல் பெரிய வாய்ப்பு. எனக்கு வேலை பேச்சுக் குமிழிகளில் வசனம் வைப்பது. அச்சகத்துக்குப் போகுமுன் பக்கத்தைக் கடைசியாகத் தொடுபவன் நான்.

"அட்டையில மட்டும் பழைய ஆளுங்களுக்கு ஏதாவது இருக்கட்டும்" என்றார் ஆசிரியர் கெஸ்லர். ஜூனியா ஒரு பச்சை கவுனை வரைந்தாள். அதன் பாக்கெட், தபால்தலை ஒட்டிய கடித உறை போல இருக்கும். சின்ன வயதில் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு கையடக்க மறுபதிப்பில் பார்த்தது. நிறுவனத்து ஓவியர் யாரோ வரைந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

இதழ் வெளிவர மூன்று மாதம் முன்பே அந்த அட்டை கடைக்காரர்களுக்கான பட்டியலில் வந்தது. கொஞ்ச நாளில் ஒஹாயோ மாநிலத்து டொலீடோவிலிருந்து வெர்லீன் ஸ்டப்ஸ் என்ற அம்மாளின் கடிதம் வந்தது. கூடவே 1959ஆம் வருட இதழின் பழுத்த பக்கம் ஒன்று. அதே கவுன். பக்கத்தில், வரைந்து அனுப்பிய வாசகியின் பெயர், வயது, ஊர். அந்தக் காலத்தில் ரோவீனாவின் உடைகளை வாசகிகள்தான் வரைந்து அனுப்புவார்கள். பெயர் இல்லாமல் ஓர் உடையும் அச்சாகாது. மறுபதிப்பைச் சின்ன அளவுக்குச் சுருக்கியவர்கள், இடம் போதாமல் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். அதைப் படித்து வளர்ந்த நாங்கள் யாரும் அப்படி ஒரு வழக்கம் இருந்ததையே அறியவில்லை.

அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்: கவுனுக்குப் பக்கத்தில் தன் பெயர்.

நிறுவனத்து வக்கீல் முடியாது என்றார். ஒருவருக்குப் போட்டால் ஆயிரம் பேர் வருவார்கள்.

"அவர் சொல்றது தப்பில்லையே ஜூனியா" என்றார் கெஸ்லர். "நாளைக்குத் தொப்பிக்கு ஒருத்தி, செருப்புக்கு ஒருத்தின்னு வரிசையில நிப்பாங்க. யாரு பதில் சொல்றது?"

"அப்ப என் பேரையும் எடுத்துடுங்க."

"என்னது?"

"அட்டையில என் பேர் வேணாம். அவங்க பேர் இல்லாத கவுனுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட்டா, நான் யோசிச்சதுன்னுதானே ஆகும்?"

கெஸ்லர் கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் தொழிலில் விற்காத பிரதியைக் கடைக்காரர் திருப்ப முடியாது. ஆனால் பட்டியலில் சொன்ன ஓவியர் பெயர் மாறினால் எல்லாவற்றையும் திருப்பலாம். நாற்பத்திரண்டாயிரம் பிரதிக்கு ஆர்டர் வந்திருந்தது.

"மிரட்டுறியா?"

"இல்ல சார். இதுக்கப்புறம் நீங்க என்னைக் கூப்பிட மாட்டீங்கன்னும் தெரியும்."

கெஸ்லர் கதவைச் சாத்திக்கொண்டு வக்கீலிடம் அரை மணி நேரம் பேசினார். வெளியே வந்து என்னிடம், "ஒரு வரி. இருக்கறதுலயே சின்ன எழுத்து. மத்தியானம் அச்சகத்துக்குப் போயிடணும்" என்றார்.

ஜூனியா உடனே டொலீடோவுக்குத் தொலைபேசியில் பேசினாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"நீதான் அந்தப் பொண்ணா?" என்றது குரல். "பாக்கெட்டை இடது பக்கம் மாத்திட்டியேடி. நான் வலது கைக்காரி."

"மன்னிச்சுக்குங்க மேடம். உங்க பேர் போடறோம். இப்ப இருக்கற பேர், வெர்லீன் ஸ்டப்ஸ்னே போடட்டுமா?"

"ஸ்டப்ஸா? அது என் வீட்டுக்காரர் பேரு. அந்த மனுஷனுக்கு ஒரு கோடு நேரா வரையத் தெரியாது. வெர்லீன் ப்ரூயிட்னு போடு."

"வயசு? இப்ப இருக்கறதா, அப்ப இருந்ததா?"

"பதினொண்ணு" என்றார். "அந்தச் சின்னவதானே வரைஞ்சா. நான் அதுக்கப்புறம் எதையும் வரையல."

நான் கணினியில் அட்டையைத் திறந்து, கவுன் ஓரத்தில் தட்டச்சு செய்தேன்: உடை: வெர்லீன் ப்ரூயிட், வயது 11, டொலீடோ, ஒஹாயோ.

கெஸ்லர் என் தோளுக்கு மேலே குனிந்து படித்தார். எழுத்துக்கு எழுத்து பழைய பக்கத்தோடு ஒப்பிட்டார். "எழுத்தை இன்னும் ஒரு பாயிண்ட் பெரிசாக்கு. கண்ணுக்கே தெரியல" என்றார். பிறகு ஜூனியாவின் பக்கம் திரும்பினார்.

"அடுத்த இதழ்ல நீ ரோவீனாவுக்கு ஜீன்ஸே வரைஞ்சிடு. அதுக்கு யாரும் பேர் கேக்க மாட்டாங்க."