பத்து சென்ட் பண்ணையார்

விறகு வண்டியை மறித்துக்கொண்டு நின்றான் கருத்தப்பாண்டி. அப்பா விடியற்காலையில் செத்துப்போயிருந்தார். அவனுக்கு இன்னும் அழுகை வரவில்லை.

"ஏலே, வழிய விடு. வெயில் ஏறுது. போயி அடுக்க வேண்டாமா?" என்றார் சித்தப்பா சங்கிலிமுத்து.

"எங்கன அடுக்க?"

"இதென்ன கேள்வி? கிணத்துப் புஞ்சையிலதான். உங்க தாத்தன், பூட்டன் எல்லாரும் வெந்த இடம்லே அது."

"அங்கன வேண்டாம் சித்தப்பா. சுத்திலும் கம்பெனி ஷெட்டு. உள்ள சீசன் சரக்கு அடுக்கிக் கெடக்கு. ஒரு பொறி போதும்."

ஊரில் உழுகிறவனுக்குச் சம்சாரி என்று பேர். தீர்வை கட்டுகிறவனைத் தாலுகா ஆபீசில் பட்டாதார் என்பார்கள். அப்பாவை எப்படிக் கூப்பிட்டாலும் காதில் விழாது. பண்ணையார் என்றால்தான் தலை திரும்பும். மழை பொய்த்த வருஷங்களில் நிலம் துண்டு துண்டாகக் கைமாறி, மிச்சத்தையும் பட்டாசுக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தபோது, கிணற்றை ஒட்டிய பத்து சென்ட்டை மட்டும் பத்திரத்தில் நிறுத்திக்கொண்டார். குடும்பத்தாரை எரிக்க. அதற்குப் போகிற பாதை உரிமையோடு.

பத்து சென்ட் பண்ணையார் என்று ஊர் கிண்டல் பண்ணியது. அதிலும் பண்ணையார் என்ற சொல் இருந்ததால் அவருக்குக் கோபம் வரவில்லை. வெடிமருந்துக்கு நடுவில் பிணம் எரிக்க இடம் கேட்கிறோமே என்று அவருக்கும் தோன்றவில்லை, பத்திரம் எழுதியவருக்கும் தோன்றவில்லை. அதே கம்பெனியில் போர்மேனாகச் சேர்ந்த கருத்தப்பாண்டிக்கும் இன்று காலையில்தான் உறைத்தது.

"ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டு போயிருவோம் சித்தப்பா."

"சொந்த இடத்த வச்சுக்கிட்டுப் பண்ணையார ஊர்ச் சுடுகாட்டுல வைக்கவா?" சித்தப்பா துண்டை உதறினார். "நீ அவரு மகனா, கம்பெனிக்காரனா? முதலாளிகிட்டச் சொல்லி ஒரு நாள் லீவு விடச் சொல்லு."

"ஆளுக்கு லீவு விடலாம். சரக்குக்கு எங்கிட்டு லீவு விட?"

அம்மா ஆவுடைத்தாய் வாசலுக்கு வந்தாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"பொதைச்சிருங்க," என்றாள்.

"மதினி, நம்ம வகையறாவுல பொதைக்கிற வழக்கம் கெடையாதே."

"தீ இல்லாட்டா போகுது. அந்த மண்ண விட்டுட்டு அவுக வேற எங்கனயும் இருக்கமாட்டாக."

சித்தப்பா வண்டிக்காரனைப் பார்த்துக் கையை வீசினார். விறகு வண்டி திரும்பிப் போனது.

கொள்ளிச்சட்டி இல்லாமலேயே புறப்பட்டார்கள். முன்னால் நடந்த கருத்தப்பாண்டிக்கு வெறுங்கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் நாகையா, தினமும் செய்வதைப் போல ஓலைப்பெட்டியை நீட்டினார். ஒரு காலத்தில் அப்பாவின் பண்ணையில் ஏர் ஓட்டியவர். வந்தவர்கள் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துப் போட்டார்கள். சித்தப்பா கடைசியாகப் போட்டார். பாடையின் தலைமாட்டில் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியைக் கருத்தப்பாண்டி விரலால் நசுக்கி அணைத்தான். சூடு உறைக்கவில்லை.

நாகையா பெட்டியை ஒதுக்கிக்கொண்டு விலகி நின்றார். "போங்க. பண்ணையார் போகட்டும்."

கருத்தப்பாண்டி நகரவில்லை. பாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னான்.

"என்னலே?" என்றார் சித்தப்பா.

தினமும் காலையில் வேலைக்கு வருகிற ஆண்களின் மடியைத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்புகிறவன் அவன்தான். அப்பாவின் கோடி வேட்டி மடியிலும் கைவிட்டான். கை பழகின வேகத்திலேயே துழாவியது, அதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது. அம்மா சொருகிவிட்டிருந்த ஒரு சுருட்டு கைக்கு வந்தது. கூடவே ஒரு தீப்பெட்டி.

சுருட்டைத் திரும்ப மடியிலேயே வைத்தான். தீப்பெட்டியை நாகையாவின் பெட்டியில் போட்டான்.

"தூக்குங்க," என்றான்.