ஞாயிற்றுக்கிழமை காய்ந்த துணிகள்

சர்ச் முடிந்து வரும்போது, கார் மேட்டில் ஏறியதும் எங்கள் ஊர் முழுவதும் ஒரே பார்வையில் விழும். இருபத்திரண்டு வீடுகள், கம்பிவேலிகள், ஆடுகள், அப்புறம் கடல். அன்றைக்கு என் கண்ணில் விழுந்தது என் வீட்டுத் துணிக்கொடி ஒன்றுதான். இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை துணி. என் வீட்டில் தங்கியிருந்த ஹில்லாவின் சிவப்புக் கால்சட்டைகள் இரண்டு, எண்ணிக்கையில்லாத காலுறைகள். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. என் நீலப் படுக்கை விரிப்புகள், சமையலறை ஏப்ரன், போதாததற்கு என்னுடைய பூப்போட்ட நைட்டி. வாரா வாரம் கொடியில் கிடப்பதுதான், அது யாருடையது என்று தெரியாதவர் ஊரில் கிடையாது. என்னையறியாமல் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

"என்ன, நின்னுபோச்சு?" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் டோர்மட்.

"கால் வழுக்கிருச்சு."

"பின்னாடி கார்ல மர்டினா, ஞாயித்துக்கிழமை ஹார்ன் அடிக்கவும் முடியாம தவிச்சுக்கிட்டிருக்கா. எடு வண்டிய."

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். எங்களுக்குப் பின்னால் சர்ச்சிலிருந்து பதினொரு கார்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பதினொன்றும் என் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

லூயிஸ் தீவின் இந்த மேற்குக் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் துணி காயப்போடுவதில்லை. சட்டம் ஒன்றும் கிடையாது, போலீஸ் வராது. ஞாயிறு கடவுளுக்கான ஓய்வு நாள், எந்த வேலையும் யாரும் செய்வதில்லை, அவ்வளவுதான். உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே தோல் சீவித் தண்ணீரில் போட்டுவிடுவோம். சூப்பைக் கொதிக்க வைத்து இறக்கிவிடுவோம். அடுப்புக்கு வேண்டிய கரியையும் உள்ளே கொண்டுவந்து வைத்துவிடுவோம். ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட இந்தத் தெருவின் கொடிகளில் ஒரு கைக்குட்டையை நான் பார்த்ததில்லை. அந்த அதிசயத்தை என் வீட்டிலேயே பார்க்க வேண்டும் என்று இருந்திருக்கிறது.

வேறு எந்த ஞாயிறாக இருந்திருந்தாலும் ஊர் பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஊர் என்னைப் பேசாத வாரம் கிடையாது. ஆனால் டோர்மட் என் காரில் ஏறி நான்கு வருஷம் ஆகியிருந்தது. அவன் எங்கள் சர்ச்சில் மூப்பர், பைபிள் சங்கீதம் பாடும்போது முதல் குரல் கொடுப்பவன். என் கணவர் ரோரி இறந்தபிறகு, வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விட ஆரம்பித்தபோது பெயின்ட் அடித்துக் கொடுத்ததே அவன்தான். அப்புறம் ஒரு வருஷம், ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் வந்து இறங்குகிறோம் என்று ஒரு குடும்பம் கேட்டது. நான் சரி என்றேன். அவன் குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு எழுந்து போனான். வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவன் வீடு. நாயைக் கூப்பிட அவன் சீட்டியடிப்பது என் படுக்கையறைக்குக் கேட்கும். நான்கு வருஷம் எனக்கு அந்தச் சீட்டி மட்டும்தான் மிச்சம்.

அன்று காலை சங்கீதத்தின் இரண்டாவது வரியில் அவனுக்கு மூச்சு நின்றுவிட்டது. பாதி வரியில் நின்றுவிட்டான். பின்வரிசையிலிருந்து வேறு யாரோ எடுத்துப் பாடி முடித்தார்கள். வெளியே வந்ததும் நேராக என்னிடம் வந்தான்.

"செவ்வாக்கிழமை கிளாஸ்கோ போறேன், டோலி. நெஞ்சத் திறந்து என்னமோ வால்வ மாத்துறாங்களாம்."

நான் கார் சாவியைப் பைக்குள் தேடினேன்.

"சூப் இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"அப்ப உன் கார்லயே வந்துர்றேன்."

இப்படித்தான் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் என் மேஜையில் சாப்பிட வேண்டும், மனம் கோணாமல் எழுந்து போக வேண்டும். கோபத்தோடு விமானம் ஏறி, அங்கிருந்து அவன் திரும்பி வராமல் போய்விட்டால் மிச்ச வாழ்நாள் முழுக்க அந்தக் கோபத்தோடுதான் நான் குடித்தனம் நடத்த வேண்டும். அது என்னால் முடியாது.

ஹில்லா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், நான் மெச்சிக்கொள்ளப்போகிறேன் என்கிற முகத்தோடு. நெதர்லாந்துக்காரி, மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவள். வந்த நாலு நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எழுதி நிரப்பிவிட்டாள். ஓலைக்கூரை வீட்டில் புகை எந்த வழியாகப் போகும், ஆட்டின் முதுகில் ஏன் நீலச் சாயம், சதுப்பு நிலத்தில் அடுப்புக்கரி வெட்டுவதற்கு எத்தனை ஆள் வேண்டும்? அவள் கேட்ட பிறகுதான் பாதி விஷயம் எனக்கே தெரியாது என்று தெரிந்தது.

"என்ன அருமையான காத்து! கூடையில உங்க துணியும் கிடந்துச்சு, சேத்துத் துவைச்சுட்டேன். நீங்க வர்றதுக்குள்ள முடிக்கணும்னு ஓடி ஓடிச் செஞ்சேன்."

டோர்மட் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனான். நான் அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய் காதோடு காதாக விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. கூடையைத் தூக்கினாள்.

"அடக் கடவுளே. ரெண்டே நிமிஷம், எடுத்துடறேன்."

"ஐயோ, எடுக்காதீங்க!"

"ஏன்?"

"எடுக்கறதும் வேலைதான்."

"அப்ப எப்பதான் எடுக்கறது?"

"நாளைக்குக் காலையில."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். அவள் முகத்திலிருந்து பயம் மெல்ல இறங்கி, அந்த இடத்தில் வழக்கமான ஆராய்ச்சி வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். "போட்டது தப்பு. எடுக்கறதும் தப்பு. அது பாட்டுக்கு நாள் முழுக்கத் தொங்கறது மட்டும் தப்பில்லையா?" என்றாள். இந்த ஊரில் யாரும் போட்டதே இல்லை என்பதால், போட்டதை எப்படி எடுப்பது என்று யாரும் யோசித்ததும் இல்லை.

டோர்மட் தன் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தான், ஜன்னலுக்கு முதுகு காட்டி. அதுவரைக்கும் தப்பித்தேன். எங்கள் கேலிக் மொழியில் நீளமாக ஜெபம் செய்தான். நான் கண்ணை மூடியிருந்தேன், காதை மூட முடியவில்லை. வெளியே என் படுக்கை விரிப்புகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. ஆமென் சொல்லி முடித்து முதல் கரண்டி வாய்க்குப் போவதற்குள் ஹில்லா ஆரம்பித்துவிட்டாள்.

"தப்பு என்னோடதுங்க. எனக்குத் தெரியாது."

"வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாதுன்னுதான் ரூம்ல கார்டு மாட்டியிருக்கு. பாக்கலையா?" என்றான் டோர்மட், கோபமில்லாமல்.

"எந்தக் கார்டு?"

அறைகளை விட ஆரம்பித்த வருஷம் அவன் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த கார்டு அது. ஞாயிற்றுக்கிழமை தயவுசெய்து துணி காயப்போட வேண்டாம், வீட்டுக்காரி இங்கேயே வாழ வேண்டியவள். கடைசி வரியை வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தான். அதை நான் ஏப்ரல் மாதம் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். பொய் சொல்லியிருக்கலாம். காற்றில் விழுந்துவிட்டது என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் நெஞ்சைத் திறக்கப் போகிறவன் முன்னால் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

"நான்தான் கழட்டிட்டேன், டோர்மட். வந்த ரெண்டு பேர் அதப் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு."

"என் எழுத்தப் பாத்தா?"

"நம்மளப் பாத்து."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் டீயை வைத்ததும் இதே மாதிரிதான். எழுந்தான். போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவன் வாசலுக்குப் போகவில்லை. நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டான். சூப் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தான்.

சந்தையில் ஆட்டைப் பார்க்கும்போதும், அறுப்பு நாளில் வானத்தைப் பார்க்கும்போதும் அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை. முதல் தடவை கடலைப் பார்க்கிற குழந்தையிடம்தான் இப்படி ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு துணியாகப் பார்த்தான், அவசரமே இல்லாமல்.

"எழுபது வயசாச்சு. ஞாயித்துக்கிழமைத் துணிய இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றான்.

"நானும்தான்."

"திங்கக்கிழமைத் துணி மாதிரியேதான் இருக்கு, டோலி."

ஹில்லா சிரித்துவிட்டாள். பிறகு தன் நாற்காலியையும் அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "காத்தும் இன்னைக்கு வேலை செய்யுதே, அது பரவாயில்லையா?"

"அது எங்க சர்ச்சுல இன்னும் சேரல."

"இத எழுதிக்கட்டுமா?"

"எழுதறதும் வேலைதான். ஞாபகம் வச்சுக்கங்க, அதுக்குத் தடை இல்ல."

அவள் பென்சிலை வைத்துவிட்டாள். கேள்வியை வைக்கவில்லை. முந்தின நாள் கலனிஷ் போய், அங்கே பல ஆயிரம் வருஷமாக நிற்கிற நெடுங்கற்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவற்றை நட்டது யார் என்று கேட்டாள். தெரியாது, ஆனால் யாராக இருந்தாலும் சனிக்கிழமைக்குள் நட்டு முடித்திருப்பார்கள் என்றான் டோர்மட். நானும் சிரித்தேன். நான்கு வருஷமாக அந்தச் சமையலறையில் இப்படி ஒரு சிரிப்பு இல்லை. அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் அவள் அதே குரலில், புகை எந்த வழியாகப் போகும் என்று கேட்ட மாதிரியே கேட்டாள்.

"ஆபரேஷனுக்குப் பயமா இருக்கா?"

எங்கள் தீவில் யாரும் இதை யாரிடமும் கேட்கமாட்டார்கள். எப்போது போகிறாய், ஆட்டை யார் பார்த்துக்கொள்வார்கள், இவ்வளவுதான் கேட்போம். நான் மேஜையைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். டோர்மட் கிண்ணத்தை மேஜையில் வைத்தான்.

"இருக்கு," என்றான். "காலையில மூச்சு நின்னப்ப அடுத்த வரி என்னன்னு எனக்குத் தெரியும். குரல் வரல. ஊருக்கெல்லாம் எத்தனையோ சாவு வீட்டுல தைரியம் சொல்லியிருக்கேன். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் மாதிரி சொல்லுவேன். இப்ப என் முறை வந்ததும் பயமாவும் இருக்கு, எப்படி இருக்கும்னு பாக்கணும்போலவும் இருக்கு. இத நான் எங்க சர்ச்சுல சொல்ல முடியாதும்மா."

அவளிடம் சொன்னான், ஆனால் பார்த்தது என்னை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. நாலு வருஷத்தை ஒரு டீக்கோப்பைக்குப் பலி கொடுத்துவிட்டோமே என்று இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது.

ஐந்தரை மணிக்கு மாலை ஆராதனைக்கு ஊர் கிளம்ப ஆரம்பிக்கும். டோர்மட் தொப்பியை எடுத்தான். "கிளம்பறியா?" என்றேன். "கொஞ்சம் காத்து வாங்கிட்டு," என்றான். முன்வாசல் வழியாகப் போவான் என்று நினைத்தேன். பின்கதவைத் திறந்துகொண்டு புல்லில் இறங்கினான். கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக நேரே கொடிக்குப் போய், குனிந்து நுழைந்து, என் படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் தெருவைப் பார்த்து நின்றுகொண்டான். எதையும் தொடவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான்.

எங்கள் ஒற்றைத் தடச் சாலையில் யாரைக் கண்டாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது வழக்கம். அந்நியருக்கும் தூக்குவோம், பிடிக்காதவருக்கும் தூக்குவோம். முதல் கார் ஊர்க்கோடியிலிருந்து வந்தது. டோர்மட் கையைத் தூக்கினான். காருக்குள் ஒரு விரலும் அசையவில்லை. இரண்டாவது கார் வந்தது. அவன் மறுபடி தூக்கினான். அதுவும் அப்படியே போனது. இந்தச் சாலையில் அவனுக்கு விரல் தூக்காமல் ஒரு கார் போய் நான் பார்த்ததில்லை.

"அவர் என்ன பண்றார்?" என்று ஹில்லா மெதுவாகக் கேட்டாள்.

எனக்குத் தெரிந்திருந்தது: ஊர் பேசினால் என்னோடு தன்னையும் சேர்த்துப் பேசட்டும் என்று நிற்கிறான். தெரிந்துகொண்டே ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்க முடியவில்லை. செருப்பைக்கூடத் தேடாமல் ஈரப் புல்லில் ஓடினேன். விரிப்பை விலக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லாவே காஞ்சிருச்சு, டோலி," என்றான், ஏதோ கண்டுபிடித்துவிட்டவன் போல.

ஊர்க்கோடி வளைவில் மர்டினாவின் பச்சைக் கார் தலை காட்டியது. எங்களைப் பார்த்திருக்க வேண்டும், வேகம் குறைந்தது. காற்று பின்னாலிருந்து அடித்தது. விரிப்பு எங்கள் இருவர் முதுகிலும் வந்து ஒட்டியது. நாங்கள் இருவரும் கையைத் தூக்கியபடி நின்றோம்.