எங்கள் தொகுதி நீதிபதி

சனிக்கிழமை காலை. வெர்லின் அடுப்பருகே நின்று கம்போ குழம்புக்கு எண்ணெயில் மாவு வறுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் காரை நிறுத்திவிட்டு நாத்தனார் யூலலி உள்ளே வந்தாள்.

"கிளம்பு வெர்லின். இன்னைக்கு ஜட்ஜு எலெக்‌ஷன்."

"கரண்டியை எடுத்தா மாவு கருகிடும் அண்ணி. எந்த ஜட்ஜு வந்தா நமக்கென்ன? நாம என்ன கொலையா பண்ணிட்டோம்?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவள் கணவன் ஆல்சீட் சிரித்தான். "அக்காவுக்குப் பொழுது போகல. போயிட்டு வாக்கா, உனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கிறேன்."

யூலலி தனியாகத்தான் போனாள். அவர்கள் மாநிலத்து உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள்; தொகுதிக்கு ஒருவராக மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது அங்கே சட்டம். மாநிலத்தை ஆளப்போகும் ஆளுநரின் தேர்தல் என்றால் முண்டியடிக்கும் ஊர், அன்று வீட்டோடு கிடந்தது. ஆலை முதலாளிகளுக்கே காலமெல்லாம் வாதாடிய வக்கீல் ட்ரஸ்க் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

மறுவருடம் ஆற்றங்கரை ரசாயன ஆலையில் தொட்டி வெடித்தது. அங்கே வேலைக்குப் போன ஆல்சீட் திரும்பி வரவில்லை. வெர்லின் ஆலை மேல் வழக்குப் போட்டாள். தொட்டி பழுதென்று ஆலைக்கு முன்பே தெரியும் என்றது கீழ்க்கோர்ட்டு. ஆலை மேல்முறையீட்டுக்குப் போனது. உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் வெர்லின் பக்கம், நான்கு பேர் ஆலை பக்கம். ஆல்சீட்டின் அஜாக்கிரதைதான் காரணம் என்று தீர்ப்பாயிற்று.

"செத்தவன் மேலயே பழியா? ஒரே ஒரு ஆளு மாறியிருந்தா போதுமே! நம்ம தொகுதி ஜட்ஜு எந்தப் பக்கம்?"

வெர்லினுடைய வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். "ட்ரஸ்கும் அவங்க பக்கந்தாம்மா."

வெர்லின் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கூட வந்திருந்த யூலலி ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. அதுதான் வெர்லினுக்குத் தாங்கவில்லை.

அடுத்த ஜட்ஜு தேர்தலன்று வெர்லின் வீடு வீடாகப் போனாள். பக்கத்து வீட்டு ஓடில் அடுப்பருகே நின்றிருந்தாள்.

"மாவு வறுக்கிறேன் வெர்லின், கருகிடும். எவனோ ஒரு ஜட்ஜு, நமக்கென்ன?"

வெர்லின் எட்டி அடுப்பை அணைத்தாள்.

"இதையேதான்டி நானும் சொன்னேன். மாவு போனா வேற மாவு வறுத்துக்கலாம். என் புருஷன் பேர்ல விழுந்த கறையை எதைப் போட்டுக் கழுவ? நமக்கென்னன்னு நாம விட்ட நாற்காலியில உக்காந்துதான் ஒருத்தன் நமக்குத் தீர்ப்பு எழுதுறான். வா, செருப்பை மாட்டு."