ஏழாவது மாடியில் பிசிறிய கோடு

சந்தேகம் என்று கேட்டால்தான் அந்த வேலையிடத்தில் அவரைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. உயரமான கட்டடங்களுக்கு வெளிப்புறம் பெயின்ட் அடிக்கிற வேலை. மொட்டை மாடியிலிருந்து இரண்டு இரும்புக் கயிற்றில் தொங்கும் நீளப் பெட்டியில் நின்றுதான் அடிக்க வேண்டும். அதைத் தொட்டில் என்பார்கள். காலையில் ஏறுமுன் கயிற்றைத் தடவிப் பார்ப்பார், கொக்கியை இழுத்துப் பார்ப்பார், பார்த்து முடித்த கண்ணையே நம்பாமல் இன்னொரு சுற்று வருவார். இருபத்தாறு வருஷமாக முழு ஆளாக இருக்கிறார் என்றால் காரணம் அதுதான். வேறு சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது.

கூட நிற்பது தங்கை புருஷன். பெயின்ட் டிரம் மாதிரி இருப்பதால் பெயரும் டிரம். ஆள்தான் அப்படி, கை தங்கம். ஜன்னல் ஓரத்தில் டேப் ஒட்டாமல் கோடு இழுப்பான், ஸ்கேல் வைத்த மாதிரி நிற்கும்.

புதிதாக வந்த சேஃப்டி ஆபீசர் வாசலில் எடை மிஷினை வைத்தார். தொண்ணூற்றைந்து கிலோவுக்கு மேல் இருப்பவர் தொட்டிலில் ஏறக் கூடாது. டிரம் நூற்று ஏழு. மூன்று மாதம் தவணை கொடுத்தார்.

"ஒரு காலை வெட்டித் தர்றேன், கணக்குச் சரியாப் போகும், எடுத்துக்கச் சொல்லு," என்று டிரம் சிரித்தான். சிரித்துவிட்டு ஒரு டாக்டரம்மாவிடம் போய் எடை குறைய மாத்திரை எழுதி வாங்கிவந்தான். ஏழே வாரத்தில் ஒன்பது கிலோ போனது. ஊரே மெச்சியது. தங்கை அவன் பேன்ட்டை எல்லாம் பிடித்துத் தைத்தாள்.

சந்தேகத்துக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "கிலோ போனது சரி மாப்ளே. போகும்போது கூட எதைத் தூக்கிட்டுப் போச்சு?"

"கள்ளக் கடையில வாங்கினதா மச்சான்? டாக்டர் எழுதினது."

"கம்பெனி குடுத்த கயிறு. அதையே நான் தடவிப் பார்த்துட்டுத்தானே ஏறுறேன்?"

"உன்னைத் திருத்த முடியாது மச்சான்."

அன்று காலை ஏழாவது மாடி. காற்று இல்லை. டிரம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான்; மூச்சுக்கு ஒரு தரம் தண்ணீர் குடித்தான். மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லையாம், ஆனாலும் உடம்பு பறக்கிற மாதிரி இருக்கிறதாம். சந்தேகம் அவன் பேச்சைக் கேட்கவில்லை, ஜன்னல் ஓரத்தைப் பார்த்தார். கோடு பிசிறியிருந்தது. ஒரு இடத்தில் அல்ல, ஒரு சாண் நீளத்துக்கு. கிழிந்த துணி ஓரம் மாதிரி.

இருபது வருஷத்தில் அவன் கை இப்படிக் கோடு போட்டதில்லை.

அடுத்த ஜன்னலுக்கு நகரும்போது டிரம் இடுப்புக் கொக்கியைக் கழற்றி மாட்டினான். அது தொட்டிலின் கம்பியில் விழவில்லை. மறுபடி மாட்டினான். அப்போதும் விழவில்லை. அவன் மாட்டியாயிற்று என்று நினைத்துக்கொண்டு பிரஷைக் கையில் எடுத்தான்.

சந்தேகம் எட்டி அந்தக் கொக்கியைத் தானே மாட்டினார். "இறக்கு," என்றார்.

தொட்டிலில் ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் இறக்கு என்றால் மற்றவர் ஏன் என்று கேட்கக் கூடாது. டிரம் கேட்கவில்லை. ஆனால் தொட்டிலின் இரு முனையிலும் ஆளுக்கொரு பட்டன். இரண்டு பேரும் ஒன்றாக அமுக்கினால்தான் மட்டமாக இறங்கும். டிரம்மின் கை நழுவி நழுவிப் போனது. சந்தேகம் பக்கம் தாழ்ந்து, டிரம் பக்கம் தூக்கி நின்றது. பெயின்ட் வாளி சரிந்து வந்து அவர் காலில் இடித்தது.

"உட்காரு. எதையும் தொடாதே."

அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சந்தேகம் இந்த முனையில் ஒரு முழம் இறக்கினார், நடந்து போய் அந்த முனையில் ஒரு முழம் இறக்கினார். மறுபடி இந்தப் பக்கம். ஏழு மாடியும் அப்படியே. அவசரப்படவில்லை. அவசரப்பட்டவனை எல்லாம் கீழே பார்த்தாகிவிட்டது.

நான்காவது மாடியில் கேட்டார். "உனக்கு பிரஷர் இருக்குன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னியா?"

டிரம் இல்லை என்று தலையாட்டினான்.

"அவங்க கையில பட்டை கட்டிப் பார்த்திருப்பாங்களே? எப்படி ஏமாத்தினே?"

"நீ சொல்லிக் குடுத்ததுதான் மச்சான். காலையில ரெண்டு போட்டுக்கிட்டுப் போனேன்."

சந்தேகத்தின் கை பட்டன்மேல் நின்றுவிட்டது.

உயரத்தில் வேலை செய்கிறவனுக்கு வருஷா வருஷம் உடம்புச் சோதனை உண்டு. பிரஷர் ஏறியிருந்தால் சர்டிபிகேட் கிடையாது. சோதனை நாளில் பிரஷர் மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு போனால் மிஷின் ஏமாந்துவிடும் என்று கண்டுபிடித்தவர் சந்தேகம்தான். தனக்காகக் கண்டுபிடித்தது. அதை மாப்பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்தார். உலகத்தில் எதையும் நம்பாத மனுஷன் நம்பியது இந்த ஒன்றைத்தான்.

"அந்த ரெண்டு மறைச்சதுதான் இப்ப உன் நெஞ்சுல குதிக்குது," என்று சொல்லிவிட்டு இறக்கினார்.

கீழே இறங்கியதும் நேராக டாக்டரம்மாவிடம். தங்கையும் ஓடி வந்து சேர்ந்தாள். டாக்டரம்மா கையில் பட்டை கட்டினார், நெஞ்சில் ஒயர் ஒட்டி வரைபடம் எடுத்தார். பிரஷர் நூற்று எண்பதைத் தாண்டி நின்றது.

"அன்னைக்கு நூத்தி முப்பதுதானே இருந்தது?"

"வெயில்ல நின்னது டாக்டர்," என்றான் டிரம். அவன் கண் மச்சானைக் கெஞ்சியது. வாயைத் திறக்காதே, சர்டிபிகேட் போய்விடும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

சந்தேகம் திறந்தார். இரண்டு மாத்திரைக் கதையை ஒன்று விடாமல் சொன்னார்.

தங்கை புருஷனை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தாள். "ஏண்ணே, கயிறுக்குப் பார்க்கிறதுல பாதி என் புருஷனுக்குப் பார்த்திருக்கக் கூடாதா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இந்த எடை மாத்திரை பசியை அடக்கும், கூடவே நெஞ்சையும் விரட்டும். கட்டுக்கு வராத பிரஷர் இருந்தா நான் எழுதவே மாட்டேன். ரெண்டு வாரத்துல வரச் சொன்னேனே, ஏன் வரல?"

"பழைய சீட்டைக் காட்டினேன், கடையில குடுத்துட்டாங்க," என்றான் டிரம் மெல்ல.

"இருக்கிற மாத்திரையை ரெண்டாப் போடுறதும் விளையாட்டு இல்ல. திடீர்னு பிரஷர் இறங்கி மேலேயே மயக்கம் போட்டிருப்பீங்க."

"சரிம்மா, எங்க மேல தப்பு. வராத ஆளுக்கு நீங்க ஒரு போன் போட்டிருக்கலாமே?" என்றார் சந்தேகம்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "போட்டிருக்கணும்," என்றார். முதல் தடவையாக அந்தம்மாமேல் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

எடை மாத்திரை அன்றோடு நின்றது. இரண்டு நாள் படுக்கை. பிறகு தரையில் வேலை, பிரஷர் உள்ளபடி அடங்கும்வரைக்கும். அடங்கினால் சர்டிபிகேட்டைத் தானே எழுதித் தருவதாக டாக்டரம்மா சொன்னார். அதற்கு முன்னால் ஒரு நாள்கூடக் கிடையாது. எடை மெதுவாக இறங்கட்டும் என்றார்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே மச்சான்."

"உன்மேல மண்ணைப் போடலையே, சந்தோஷப்படு. கீழே நின்னு கலர் கலக்கு. உன்னை மாதிரிக் கலக்க அங்க ஆள் இல்லை."

டிரம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் தங்கை நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தான்.

டாக்டரம்மா பட்டையைச் சுருட்டவில்லை. சந்தேகத்தையே பார்த்தார். "இந்த வித்தையை யாருக்காகக் கண்டுபிடிச்சீங்க?"

சந்தேகம் மனசுக்குள் கணக்குப் போட்டார். தரையில் கலர் கலக்க இரண்டு ஆள் வேண்டியிருக்குமோ என்னவோ. வேண்டுமென்றால் வேண்டும். பிய்ந்த கயிற்றைப் பார்த்த பிறகு அதில் ஏறுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி மேஜைமேல் நீட்டினார்.

"இன்னைக்கு ஒண்ணுதாம்மா போட்டேன். உள்ளதைக் காட்டட்டும்."