ஒளிரக் கூடாத குழி

கருவி திடீரென்று வீறிட்டது. திரையில் மூன்றாம் வரிசை சிவப்பாக மின்னியது. சண்முகப்ரியா திரையருகே குனிந்தாள்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவள் எதிரே அமர்ந்திருந்தவர் ஸ்ம்ருதி. கலிஃபோர்னியாவின் சான் ரமோனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கம்பெனியின் ஆய்வுக்கூடத் தலைவி. இன்று சோதனை சரியாக வந்தால் அங்கே வேலை.

பவானிக்காரி சண்முகப்ரியா. பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்த கையோடு கல்யாணம். ஃப்ரீமான்ட் வந்து பதின்மூன்று வருடம், விசா அவளை வேலைக்குப் போக விடவில்லை. கிரீன் கார்டு கைக்கு வந்ததுமே எம்.எஸ். சேர்ந்துவிட்டாள். "ஆறு மாசம் கோடிங் படிச்சா வேலை. இதைப் படிச்சு டெஸ்ட் ட்யூப் கழுவப்போறியா?" என்று கணவன் சபரிநாதன் கேட்டது இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

அவள் உருவாக்கியது பச்சைக் குழந்தைகளுக்கான சோதனை. ஒரு சொட்டு ரத்தம். அதில் குறிப்பிட்ட நொதி இருந்தால் தட்டிலுள்ள சிறு குழி ஒளிரும். இருண்டு கிடந்தால் நோய். ரத்தமே விடாத வெற்றுக் குழிகள் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். இப்போது மூன்றாம் வரிசையில் இருந்த அந்தக் குழிகள்தான் ஜொலித்தன.

போன் வந்து ஸ்ம்ருதி வெளியே போனார். உடன் படிக்கும் ஷ்ரேயஸ் குனிந்தான். அமெரிக்காவில், இந்த பே ஏரியாவிலேயே பிறந்தவன். வகுப்புத் தோழியையும் ஆன்டி என்பான்.

"ஆன்டி, அந்த ரோவை டெலீட் பண்ணிடுங்க. நோபடி வில் நோ."

"நோய் இருக்கிற குழந்தையோட குழியும் இப்படி ஒளிர்ந்தா? அந்த அம்மாகிட்ட யாருடா சொல்றது?"

ஸ்ம்ருதி உள்ளே வந்ததும் அவளே சொன்னாள்: "மேடம், வெற்றுக் குழி ஒளிருதுங்க. இதுல ஒரு நம்பரையும் நம்பாதீங்க."

ஸ்ம்ருதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "காரணம்?"

ரசாயனம் போன வாரத்துடையதே. கருவியும் அதே. மாறியது என்ன? நேற்று ஆடிப் பதினெட்டு. ஃப்ரீமான்ட் மௌரி அவென்யூ இந்தியக் கடையில் வாங்கிய மஞ்சளைக் குழைத்துப் பூசிப் புதுத் தாலிக்கயிறு கட்டியிருந்தாள். பதற்றம் வந்தால் கை தானாகக் கயிற்றுக்குப் போய்விடும், கையுறை போட்டிருந்தாலும்.

அறை விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதாக் கைவிளக்கைத் தன் கையுறை விரல்களில் அடித்தாள். நுனிகள் பளிச்சென்று ஒளிர்ந்தன.

"மஞ்சள் மேடம். இந்த வெளிச்சத்துல அதுவும் ஒளிரும். தப்பு என்னோடது. நாப்பது நிமிஷம் குடுத்தா மறுபடி பண்ணிடுவேனுங்க."

ஸ்ம்ருதி போனை எடுத்து அடுத்த மீட்டிங்கை ரத்து செய்தார்.

கயிற்றை உள்ளே விட்டு லேப் கோட்டைக் கழுத்துவரை பூட்டினாள். புதுக் கையுறை, புதுத் தட்டு. கை மேஜையை விட்டு ஓர் அங்குலம் உயரவில்லை.

இந்த முறை கருவி வாயே திறக்கவில்லை. வெற்றுக் குழிகள் கும்மிருட்டு. இருபது மாதிரிகளில் நோயுள்ள நான்கும் இருண்டு நின்றன; மீதிப் பதினாறும் சுடர்விட்டன. ஒன்றுகூடப் பிசகவில்லை. ஷ்ரேயஸ் விசிலடித்தான்.

"திங்கட்கிழமை ஜாயின் பண்ணிடுங்க," என்றார் ஸ்ம்ருதி. "எங்க ரிசல்ட் எல்லாத்தையும் செக் பண்றது இனிமே உங்க வேலை. நீங்க கையெழுத்துப் போடாம ஒண்ணும் வெளியே போகாது."

சண்முகப்ரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் தப்பை நேர்லயே பார்த்த பிறகுமா மேடம்?"

ஸ்ம்ருதி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் எங்க லேப்லயும் ஒரு வெற்றுக் குழி ஒளிர்ந்துது. அதை டெலீட் பண்ணச் சொன்னது நான்தான்."