வெள்ளிக்கிழமைப் பூ

வியாழக்கிழமை மாலை வேனைக் கழுவி நிறுத்திவிட்டு மொட்டைமாடிக்கு வந்தவள், பெயிண்ட் வாளியில் நின்ற செம்பருத்திச் செடியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மொட்டைப் பார்த்தாள். காலையில் சுண்டுவிரல் போல இறுகிச் சுருண்டிருந்தது இப்போது கட்டைவிரல் பருமனாகியிருந்தது. நுனியில் திருகு தளர்ந்திருந்தது. அவள் கணக்குப்படி அது சனிக்கிழமைதான் மலர வேண்டும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நகர மண்டபத்தில் மலர்க் கண்காட்சி. மூன்று நாளாகக் கொளுத்திய வெயிலில் மொட்டு அவசரப்பட்டுவிட்டது. செம்பருத்திக்கு ஆயுள் ஒரு பகல். வெள்ளியன்று விரிந்தால் வெள்ளி மாலையே சுருங்கி, சனிக்கிழமை காலையில் பிழிந்து போட்ட துணி மாதிரி தொங்கும்.

இந்த ஒரு மொட்டுக்காக அவள் மூன்று வருடம் காத்திருந்தாள். அதற்கு முந்தைய கதையையும் சேர்த்தால் ஆறு வருடம்.

பள்ளி வேன் ஓட்ட வருவதற்கு முன்னால் அவள் பதினோரு வருடம் ஒரு நர்சரியில் வேலை பார்த்தாள். தண்ணீர் விடுவது, தொட்டி மாற்றுவது, இலைக்கடியில் அடை அடையாக ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுப்பது, ஒட்டுக் கட்டுவது. மதியம் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணசரும் நேரத்தில், ஒரு செம்பருத்தியின் மகரந்தத்தூளை விரல் நுனியில் எடுத்து, இன்னொரு பூவின் நடுத்தண்டின் உச்சியில் இருக்கும் ஐந்து சிறு பொட்டுகளில் தொட்டுவைப்பாள். அடையாளத்துக்குக் காம்பில் ஒரு நூல். பத்தில் ஒன்பது உதிர்ந்துவிடும். நிற்கிற ஒன்று காயாகி, வெடித்து, விதை தரும். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. கை அரித்தது, செய்தாள். அப்படி வந்த ஒரு நாற்று செம்புப் பாத்திரத்தின் நிறத்தில், நடுவில் வெள்ளை வட்டத்தோடு பூத்தது. அந்த வாரமே முதலாளி அதற்குத் தன் மகளின் பெயரை வைத்து, வாசலில் பலகை மாட்டி, கண்காட்சியில் முதல் பரிசும் வாங்கிவிட்டார். பேப்பரில் படம் வந்தது. படத்தில் அவரும் பூவும் இருந்தார்கள்.

அவள் போய்க் கேட்டாள். சண்டை போடவில்லை, யார் செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் கேட்டாள். அவர் நாற்காலியிலிருந்து நிமிராமலே சொன்னார்:

"மண்ணு என்னுது, தண்ணி என்னுது, தொட்டி என்னுது. இதுல உனக்கு என்ன இருக்கு? போ, போய் வேலையப் பாரு."

அவள் வேலையைப் பார்க்கப் போகவில்லை. வீட்டுக்குப் போனாள். ஒரு குச்சியைக்கூட ஒடித்து எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் வண்டி ஓட்டப் பழகினாள்.

வேன் ஓட்டத் தொடங்கி ஒரு வருடம் அவள் எந்தச் செடியையும் தொடவில்லை. பிறகு ஒருநாள் ரயில்நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் ஒரு மஞ்சள் செம்பருத்தி கண்ணில் பட்டது. இன்னொன்று, கறுப்போ என்று மயங்கவைக்கும் அடர் சிவப்பு, வேனில் வரும் ஒரு டீச்சர் கொடுத்தது. இரண்டையும் சேர்த்தாள். நாற்பத்தொரு விதை. நகவெட்டியால் மேலோட்டைக் கீறி ஊறவைத்ததில் பத்தொன்பது முளைத்தன. தையல்காரரான அவள் கணவர் மாடிப்படி ஏறிவந்து, இத்தனை பிள்ளைகளுக்கும் எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்குவது என்று கேட்டார். ஒன்றரை வருடத்தில் ஒவ்வொன்றாகப் பூத்தன. ஒன்று அழுக்கு மஞ்சள். ஒன்று அப்பனையும் கொள்ளாமல் ஆத்தாளையும் கொள்ளாமல் ஒரு சோகை ஆரஞ்சு. "தாயைப் போல பிள்ளைன்னு சொன்னவன் செம்பருத்தி வளர்த்ததில்ல" என்றார் கணவர். பதினெட்டும் பூத்து, பதினெட்டும் சாதாரணமாகவே இருந்தன. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

பத்தொன்பதாவது பூக்கவே இல்லை. இலை மட்டும் கரும்பச்சையாய்த் தளதளவென்று, ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. கணவர் அதற்கு 'வீட்டோட மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார். நன்றாகச் சாப்பிடுகிறது, உடம்பு போடுகிறது, ஒரு வேலை செய்வதில்லை. இரண்டு தடவை அதைத் தூக்கிப்போட வாளியில் கை வைத்தாள். இரண்டு தடவையும் எதற்கோ விட்டுவிட்டாள். மூன்று மாதத்துக்கு முன் பாதிக்கு வெட்டி, உரத்தைக் குறைத்து, வாளியை மேற்கு மூலைக்கு நகர்த்தினாள். அதன் பிறகுதான் இந்த மொட்டு வந்தது. கூடவே கீழே கடுகளவில் இரண்டு பிஞ்சு மொட்டுகள்.

கண்காட்சியில் 'சொந்தமாக உருவாக்கிய புது ரகம்' என்று ஒரு பிரிவு உண்டு. வருடாவருடம் முதலாளிதான் அதில் நின்றார். பூ எப்படியிருக்கும் என்றே தெரியாமல் அவள் மனதுக்குள் எத்தனையோ தடவை அந்த மண்டபத்துக்குள் நடந்து போயிருந்தாள். வாளியை மேசைமேல் வைப்பாள். அவர் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் அவள் கனவு போனதில்லை.

கணவர் வந்து பார்த்துவிட்டு, இன்று இரவே பறித்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு நாள் தள்ளாதா என்று கேட்டார். தள்ளும். மற்ற பூக்களில் அவள் செய்து பார்த்திருக்கிறாள். விரியும், ஆனால் வெளுத்த துணி போல நிறம் இறங்கிவிடும். மொட்டின் அடியில் ஒரு விரலைக் கொடுத்துத் தாங்கிப் பார்த்தாள்.

"மூணு வருஷம் கழிச்சு மொதல் தடவையா கண்ண முழிக்குது. அதப் போய் ஃபிரிட்ஜுக்குள்ள முழின்னு சொல்ல எனக்கு மனசு வரலங்க."

"அப்ப நாளன்னிக்கு?"

"போனாப் போவுது."

சொல்லிவிட்டாளே தவிர, கீழே வந்து பாத்திரம் கழுவும்போது கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். வெயிலின்மேல் அவளுக்கு அப்படியொரு கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்து அவள் மேலே போனபோது பூ முக்கால்வாசி விரிந்திருந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். விரித்த கை அகலம். நடுவில் ரத்தச் சிவப்பு. அதிலிருந்து நரம்பு நரம்பாகச் சிவப்பு வெளியே ஓடி, போகப் போகப் புகைந்து, மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் நீலமாகி, விளிம்புக்கு வந்ததும் ஊசியால் நூல் ஓட்டியது போல ஒரு மஞ்சள் கோடு. இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஓரம் சுருங்கி நெளிந்திருந்தன. மஞ்சளும் அடர் சிவப்பும் சேர்ந்து இந்தச் சாம்பல் எங்கிருந்து வந்ததென்று அவளுக்குத் தெரியவில்லை. எந்தத் தலைமுறையிலோ ஒளிந்திருந்த ஒன்று.

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் பெட்டியில் நானூறு நிறத்தில் நூல்கண்டு இருக்கிறது. எந்தத் துணியைக் காட்டினாலும் பார்க்காமலே கைவிட்டு எடுப்பார்.

"இதுக்கு எங்கிட்ட நூல் இல்ல" என்றார்.

அவர் வாயால் அப்படியொரு வார்த்தை அவள் கேட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கியது. மணி ஆறே முக்கால். ஏழுக்கு முதல் நிறுத்தம். இந்தப் பூவை இங்கே காக்கைக்குக் காட்டிவிட்டு அவள் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். மாலையில் திரும்பி வரும்போது பூ சுருங்கியிருக்கும். படியில் இரண்டடி இறங்கியவள் திரும்பி வந்தாள். வாளியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கணவரை மறுபக்கம் பிடிக்கச் சொன்னாள். அசைத்தால் பிஞ்சு மொட்டுகள் உதிரும் என்று நினைவுபடுத்தினார் அவர். உதிர்ந்தால் உதிரட்டும் என்றாள். இரண்டு மாடி இறக்கி, வேனின் முன்சீட்டில் வைத்து, வாளியைச் சுற்றி சீட் பெல்ட்டைப் போட்டாள். பிஞ்சு இரண்டில் ஒன்று படியிலேயே விழுந்துவிட்டது.

முதல் நிறுத்தத்தில் ஏறிய குழந்தைகள் அது பிளாஸ்டிக்கா என்று கேட்டார்கள். இரண்டாவதில் ஒரு அம்மா, குழந்தையை ஏற்றிவிட்டும் கதவை மூடாமல் நின்றாள். அது கத்திரிப்பூ நிறம் என்றாள் ஒருத்தி. இல்லை, புறாக் கழுத்து நிறம் என்றாள் இன்னொருத்தி. இருவருக்கும் வாக்குவாதமே வந்தது. நாலாவது நிறுத்தத்தில் வங்கிக்கு அவசரமாய்ப் போய்க்கொண்டிருந்த ஒரு தகப்பன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். வாங்கவில்லை, நான் செய்தேன் என்றாள். அந்தச் சொல்லை வாய்விட்டு ஒரு வெளியாளிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. ஐந்தாவது நிறுத்தத்தில் யாரும் கேட்காமலே சொன்னாள்.

ஆறாவது நிறுத்தம் முதலாளியின் வீடு. அவர் பேத்தி நாலு மாதமாக இந்த வேனில் வருகிறாள். முதல்நாள் முகவரியைப் பார்த்ததும் முடியாது என்று சொல்லியிருக்கலாம். குழந்தை என்ன பாவம் செய்தது என்று விட்டுவிட்டாள். தினமும் ஹாரன் அடித்துவிட்டு ரோட்டை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அவரும் கேட்டுக்கு வெளியே வந்ததில்லை. அன்று அவள் எஞ்சினை அணைத்தாள்.

குழந்தையோடு வந்த முதலாளியின் மகள், முன்சீட்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். குழந்தையை ஏற்றினாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, அப்பாவைக் கொஞ்சம் வரச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்ப்பதற்கு முன் பூவைப் பார்த்தார். பார்த்தவர் முகத்தில் வந்த வியப்பை மறைத்துக்கொள்ளவில்லை. செடி வளர்க்கிறவனால் அது முடியாது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஓர் இலையைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தார். சுத்தமாக இருந்தது. கை இலையிலேயே நின்றது.

"எதையும் எதையும் சேத்த?" என்றார்.

இந்தக் கேள்வி ஒருநாள் வரும், வந்தால் சொல்லக்கூடாது என்று ஆறு வருடமாக வைராக்கியம் வைத்திருந்தாள். இப்போது அது தேவைப்படவில்லை. தள்ளுவண்டி மஞ்சளையும் டீச்சர் கொடுத்த சிவப்பையும் சொன்னாள்.

"சொல்லிட்டேன். ஆனா நீங்க ஆயிரம் தடவ சேத்தாலும் இது வராது. எனக்கே மறுபடி வராது."

அவர் தலையசைத்தார். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இவங்க நம்ம நர்சரியில இருக்கறப்ப மத்தியானத்துல பூவுக்கு நூல் கட்டுவாங்க. காலேஜ் விட்டு வர்றப்ப நான் பாத்திருக்கேன். என் பேர்ல இருக்கற செடி யாரு பண்ணது?"

பின்சீட்டிலிருந்து யாரோ ஒரு குழந்தை, பெல் அடித்துவிடும் என்று முனகியது. முதலாளி இலையிலிருந்து கையை எடுத்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இவங்கதாம்மா பண்ணாங்க."

பதினோரு வருடம் வா, போ, நீ. கொஞ்சம் முன்புகூட 'சேத்த' என்றுதான் கேட்டார். அந்த 'ங்க' அவள் காதுக்குள் போய் இறங்க ஒரு நிமிடம் ஆனது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு மண்டபத்துக்கு இத எடுத்துட்டு வாங்க" என்றார் அவர், கீழே பார்த்தபடி. "நான் உங்க பேரக் குடுத்து வைக்கறேன்."

"நாளைக்கு இது இருக்காதுங்க. இன்னிக்குத்தான் இதுக்கு நாளு."

எஞ்சினை முடுக்கினாள். தெருமுனை திரும்பும்போது சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியாமல் பின்னால் குழந்தைகளும் சிரித்தன.

பெரிய நாற்சந்தியில் அவள் பக்கம் சிவப்பு. பஸ்ஸும் லாரியும் உறுமிக்கொண்டு நின்றன. மேடையில் நின்ற போக்குவரத்துக் காவலர் தற்செயலாக வேனுக்குள் பார்த்தார். இறங்கி வந்து, ஜன்னலோரம் குனிந்து பார்த்தார். திரும்பி நடந்து மேடையேறி, ஒரு கையை உயர்த்தி மூன்று பக்கத்தையும் நிறுத்திவிட்டு, மறுகையால் அவளை மட்டும் வரச் சொன்னார். ஓசை அடங்கிய அந்த அகலமான சந்தியின் நடுவே, முன்கண்ணாடிக்குப் பின்னால் பூ காற்றில் லேசாக ஆட, வேன் மட்டும் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.