ரத்னாவின் கிள்ளு

ஸ்ரீபெரும்புதூர் வாடகை வீட்டில் தினமும் காலையில் டில்லிபாபு கையை நீட்ட வேண்டும். அவன் மனைவி ரத்னா கிள்ளுவாள். கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் அவளுடைய பரிசோதனை.

சன்னல் கண்ணாடி உடைந்து, முழங்கைக்குக் கீழே அவளுக்கு நரம்பு அறுந்துபோயிருந்தது. டாக்டர் தைத்துவிட்டு, "நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அது விரலுக்கு வந்து சேர்ந்தப்புறம்தான் சதைக்குத் தெம்பு. அவசரப்படாதீங்க" என்றார். அவசரப்படாமல் இருக்க ரத்னாவுக்குத் தெரியுமா என்ன! ஒரகடத்தில் கார் வயர் கம்பெனி லைனில் ஒன்பது வருஷம் கனெக்டர் மாட்டியவள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். இப்போது அந்த இரண்டுக்கும் நடுவே சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. ஸ்டிக்கர் ஒட்டும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த வேலை அவளுக்கு ஆகவே ஆகாது.

டில்லிபாபு நல்லவன், அதுதான் தொல்லை. தடவினால்கூட "அம்மாடியோவ்!" என்று குதிப்பான். அதை நம்பி, பத்தாம் மாதமே சூப்பர்வைசர் செங்கமலத்திடம் போய், கை தேறிவிட்டதென்று மார்தட்டினாள். அவர் முப்பது கனெக்டர் கொடுத்தார். நாலுதான் 'டிக்' சொன்னது. லைனே வேடிக்கை பார்க்க, மானம் கப்பலேறியது.

"இன்னாய்யா, என்னிய ஏமாத்திகினே இருந்தியா?" என்று வீட்டில் பொரிந்து தள்ளினாள்.

"நீ சந்தோசமா கீறியேன்னு பாத்தேன்மே."

"இனிமே பொய்யா கத்துனே, சோறு கிடையாது!"

அதற்கப்புறம் எட்டு மாதம் துணி கிளிப்பை அழுத்தினாள், மாவு பிசைந்தாள். செங்கமலமும் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்: திங்கட்கிழமை. தேறாவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள், நிரந்தரமாக.

திங்கள் காலை டில்லிபாபு கையை நீட்டினான். ரத்னா பல்லைக் கடித்துக் கிள்ளினாள். சத்தமே இல்லை.

"அவ்ளோதான். ஸ்டிக்கரே ஒட்டிகினு கெடக்கறேன்" என்று நிமிர்ந்தவள் திகைத்தாள். அவன் வாய்க்குள் துண்டைத் திணித்திருந்தான். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். கையில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது.

"கத்த வேண்டியதுதானேய்யா!"

"கத்துனா நீ நம்ப மாட்டியே."

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஓடினாள்.

சாயங்காலம் "முப்பதுக்கு முப்பது!" என்று கத்திக்கொண்டே வந்தவள், கறுத்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவினாள். "அம்மாடியோவ்!" என்று குதித்தான் டில்லிபாபு.

பச்சைப் பொய். இருந்தும் சோறு போட்டாள்.